வரவுப் பக்கம்

கடவுள் துணை
12 ஜனவரி

அன்புள்ள பென்சிலுக்கு உன் அண்ணி எழுதுவது.

இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்க்கணக்கு எழுதிப் பழக்கமில்லாததால் அரை நலம் என்று எழுதுகிறேன். நீயாவது முழு நலமாக இரு.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எங்கள் வீடு இரண்டே அறை. நான் போனில் குரலைத் தாழ்த்தினால் உன் அண்ணன், "என்னைப் பத்தித்தானே? சத்தமாவே பேசு, எனக்கும் விஷயம் தெரியட்டும்" என்கிறார். எழுதினால், கடைச்சாமான் சீட்டு எழுதுகிறேன் என்று விட்டுவிடுகிறார்.

போன வாரம் உன் ஊர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுத் திரும்பினோமே, அன்று டாக்டர் சொன்னதை உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. அவருக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம். மண்டைக்குள் கம்பியும் நெஞ்சுத் தோலுக்கடியில் பெட்டியும் வைத்து ஒன்றரை வருஷம். பெட்டி அனுப்பும் மின்சாரத்தால் நடக்கிறார், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் எந்நேரமும் இல்லை. ஒரு நேரம் ராஜா, ஒரு நேரம் மரக்கட்டை. இதைச் சொன்னால் டாக்டர், "பத்து மணிக்கு என் முன்னாடி ஜம்முனு நடந்தாரேம்மா. மத்த நேரத்துல முடியலைன்னா அது மனசு. தூக்க மாத்திரை எழுதறேன்" என்றார்.

"நீங்க பார்த்தது பத்து நிமிஷம் டாக்டர். மீதி இருபத்துமூணு மணி ஐம்பது நிமிஷத்தையும் நான்தான் பார்க்கறேன்" என்றேன்.

"அப்ப எழுதிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று சிரித்தார்.

சிரித்தது தப்பு. எட்டாவதோடு நின்ற படிப்புதான். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டுக் கணக்கில் ஒரு நாள் விட்டதில்லை. புது நோட்டு போட்டுவிட்டேன். நடுக்கமும் விறைப்பும் எந்த நேரம் வருகிறது, எந்த நேரம் போகிறது, மணிவாரியாக. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. சாமியைக் கும்பிட்டு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டாகிவிட்டது.

உன் பதில் வரும்வரை வாசலைப் பார்க்கும்,
அண்ணி


25 ஜனவரி

அன்புள்ள அண்ணி,

நான் நலம். இன்னும் வாரத்தில் மூன்று நாள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறேன். தனியாள் வீட்டில் சுவரோடு பேசுவதைவிட ஆபீஸ் மேல். அண்ணனுக்கு என் அன்பு. கிள்ளினால் வலிக்கிறதா என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சின்ன வயதில் என்னைக் கிள்ளிய கணக்கு இன்னும் பாக்கி.

நோட்டு போட்டது நல்ல காரியம். ஆனால் டாக்டர் கையில் நோட்டைக் கொடுத்தால் அவர் புரட்டமாட்டார். நம் ஆட்களுக்குத் தெரிந்த வரவு செலவு அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் முடிந்ததும் ரிஜிஸ்டர் தபாலில் எனக்கு அனுப்புங்கள். ஒரே தாளில், நல்ல நேரம் கெட்ட நேரம் என்று அட்டவணையாக்கி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முப்பத்திரண்டு வருஷ ஆபீஸ் வேலை வேறு எதற்கு?

டாக்டரிடம் இப்படி மல்லுக்கு நிற்காதீர்கள் அண்ணி. அவர்தான் பெட்டியின் சாவி வைத்திருக்கிறவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
பென்சில்


கடவுள் துணை
11 பிப்ரவரி

அன்புள்ள பென்சிலுக்கு,

உன் கடிதம் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோத்த முத்து மாதிரி என்ன எழுத்து உனக்கு! உன் அண்ணன் பார்த்துவிட்டு, "நாலாவது படிக்கும்போதே காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டு அலைவா. சும்மாவா பேர் வெச்சேன்?" என்று பெருமைப்பட்டார்.

இங்கே நலமில்லை. தூக்க மாத்திரை போட்ட நாலாம் நாள் குளியலறை வாசலில் விழுந்தார். புருவத்தில் மூன்று தையல். மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

விழுந்ததைவிட அதற்கப்புறம் சொன்னதுதான் வலிக்கிறது. "ஜூன்ல மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவோமில்ல, அப்ப இந்தப் பெட்டியை அணைக்கச் சொல்லிடு. எப்ப நடப்பேன் எப்ப நிப்பேன்னு தெரியாம இருக்கறதுக்கு, ஒரேயடியா உக்காந்துட்டா உனக்கும் நிம்மதி" என்றார். பெட்டியை அணைத்தால் கரண்டி பிடிக்கக்கூட ஆகாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். தேதியும் குறித்துவிட்டார், ஜூன் இருபத்துநாலு.

என் நிம்மதியை எனக்குத் தெரியாமல் இவர் எப்படி முடிவு பண்ணலாம்? இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சமாதானத்துக்கு வந்து லிஃப்ட் கதை ஆரம்பித்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு வேறு என்ன கதை வரும்? "காலையில எல்லாரும் மேல போவாங்க, சாயங்காலம் கீழ வருவாங்க, ராத்திரி அது கீழ்த்தளத்துல விளக்கை அணைச்சிட்டுத் தூங்கும். நேரத்துக்குத் தகுந்த மாதிரி செட்டிங் வெப்போம். என் மண்டையில மட்டும் இருபத்துநாலு மணிநேரமும் ஒரே செட்டிங். எந்த மெக்கானிக்குடி இப்படி வெப்பான்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்த நோய் எப்போது தொடங்கியது என்பதையே பிற்பாடு லிஃப்ட் அட்டையில்தானே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு லிஃப்டிலும் சர்வீஸ் அட்டை மாட்டியிருக்கும், அதில் கையெழுத்துப் போடுவார். வீட்டில் கட்டி வைத்திருந்த பழைய அட்டைகளை ஒரு நாள் அடுக்கினேன். வருஷம் போகப் போக எழுத்து எறும்பாகிவிட்டிருந்தது. ஒரே வரியில்கூடத் தொடங்கும்போது பெரிசு, முடியும்போது சின்னது. கை நடுங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே எழுத்து சொல்லிவிட்டது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். எந்த மணிக்கு என்ன என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. இங்கே திரும்ப எழுதி மையை வீணாக்கவில்லை. இரவில் காலை உதைப்பது நடுக்கமில்லை, வேறு சங்கதி. அதைக் கடைசிப் பக்கத்தில் இதர வகை என்று தனியே போட்டிருக்கிறேன்.

ஜூனுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

உன்னை நம்பியிருக்கும்,
அண்ணி


2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆபீசில் வருஷக் கடைசி வேலை. பேனாவும் சரியில்லை. அட்டவணை முடிந்தது, நோட்டோடு டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் நோட்டில் பத்து மணி செலவில் இருந்தது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் புத்தகத்தில் இருப்பதை மாற்ற நான் யார்? அண்ணன் புருவம் ஆறிவிட்டதா? எனக்கு ஒன்றுமில்லை, நலம்.

பென்சில்


கடவுள் துணை
14 ஏப்ரல்

அன்புள்ள பென்சிலுக்கு,

புருவம் ஆறிவிட்டது. தழும்பு மீசை மாதிரி இருக்கிறது, தப்பான இடத்தில்.

ஏழு வாரம் கழித்து மூன்றே வரி எழுதியிருக்கிறாய். அதையும் படிக்க என் கண்ணாடிமேல் அவர் கண்ணாடியையும் வைக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லையே?

பேனா சரியில்லையென்றால் பென்சிலால் எழுது. உன் பேருக்கும் பொருத்தம்.

அண்ணி


20 மே

அன்புள்ள அண்ணி,

டைப் செய்திருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் பழக்கம்.

செய்தி நல்லதில்லை. அண்ணனின் பெட்டி மின்சாரம் அனுப்புவதோடு நிற்காமல், மூளையின் அலையைப் பகலும் இரவும் பதிவும் செய்கிறதாம். அந்தப் பதிவு போன் வழியாக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுமாம், அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் அதை இறக்கி வைத்திருந்தாள். டாக்டர் நம் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. நீங்கள் நல்ல நேரம் என்று குறித்த இடத்திலெல்லாம் விறைப்பு அலை உச்சியில். கெட்ட நேரம் என்று குறித்த இடத்தில் அது அடங்கிக் கிடக்கிறது. ஒரு நாளாவது ஒத்துப்போகுமா என்று முப்பது நாளையும் பார்த்தார்கள். இல்லை.

"பத்து மணிக்கு என் கண்ணெதிர்ல நடக்கறவரை மோசம்னு எழுதியிருக்காங்க. பாவம், அசதியில ஏதோ எழுதறாங்க. இந்த நோட்டை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். ஜூனிலும் பெட்டியின் மின்சாரம் அதே அளவுதானாம்.

அண்ணி, விட்டுவிடுங்கள். சில விஷயங்கள் நம் கையில் இல்லை. எவ்வளவு எழுதினாலும் வருவது வந்துதான் தீரும்.

பென்சில்


கடவுள் துணை
27 மே

பென்சில்,

இன்று நலம் விசாரிக்கவில்லை, கோபத்தில் இருக்கிறேன்.

நான் அசதியில் எழுதினேனா? அசதியில் எழுதுகிறவள் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் எழுதுவாள். முப்பது நாளும், மணிக்கு மணி, நூற்றுக்கு நூறு தப்பாக எழுத எந்தப் பொய்யனாலும் முடியாது. அதற்கு முதலில் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஒளிக்கவில்லை, அவரிடமே உரக்கப் படித்தேன். மரக்கட்டை நேரம் அது. முகத்தில் அசைவே இல்லை. பாதியில் கையைத் தூக்கினார்.

"இரு இரு. மேல போற பட்டனை அமுக்கினா கீழ போகுது, கீழ போற பட்டனை அமுக்கினா மேல போகுது. அப்படித்தானே?"

"என்ன உளர்றீங்க?"

"லிஃப்ட் கெட்டுப்போனா எப்பவாவது தப்பா போகும். எப்பவுமே தலைகீழா போனா அது கெட்டுப்போகலடி. ஒயரை மாத்திக் கொடுத்திருக்காங்க!"

நாலு மாசத்துக்கப்புறம் சிரித்தார். வாய் முழுதாகத் திறக்கவில்லை. ஆனாலும் அது சிரிப்புதான், நான் குறித்துக்கொண்டேன்.

விட்டுவிடு என்று என்னிடம் சொன்னாய் அல்லவா? அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ டாக்டரிடம் கொடுத்த அட்டவணையின் நகலை அனுப்பு. ஒயர் எங்கே மாறியது என்று பார்க்க வேண்டும்.

அண்ணி


6 ஜூன்

அன்புள்ள அண்ணி,

நகல் இத்துடன். நான் எதையும் மாற்றவில்லை. உங்கள் வரவுப் பக்கத்தில் இருந்ததை "நல்ல நேரம்" என்ற தலைப்பில் போட்டேன். செலவுப் பக்கத்தில் இருந்ததை "கெட்ட நேரம்" என்று போட்டேன். வரவு என்றால் நல்லது, செலவு என்றால் நஷ்டம். இதில் மாற்ற என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு வருஷத்தில் என் தாளில் ஒரு பிழையை யாரும் காட்டியதில்லை.

பென்சில்


கடவுள் துணை
12 ஜூன்

அன்புள்ள பென்சிலுக்கு,

இருவரும் முக்கால் நலம்.

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் பிழையை உன் எட்டாம் வகுப்பு அண்ணி காட்டுகிறாள், பார். வரவு என்று நான் எழுதியது நடுக்கத்தின் வரவை. வீட்டுக்கு ஆள் வந்தால் வரவு என்று சொல்வதில்லையா? அழையாத விருந்தாளி அது. சாயங்காலம் மூன்று மணிக்கு வந்தது, வரவு. ஆறு மணிக்குக் கிளம்பிப் போனது, செலவு. பத்து மணி செலவில் இருந்தால் அப்போது வீட்டில் அந்த விருந்தாளி இல்லை, உன் அண்ணன் ராஜா என்று பொருள். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே, எந்த நேரம் வருகிறது, எந்த நேரம் போகிறது என்று?

அவரிடம் சொன்னதும், "ரெண்டு பேரும் கணக்குப் புலிங்க! என் மண்டையைத் தலைகீழாத் தொங்கவிட்டுட்டீங்களே" என்று ஒரே கிண்டல்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பத்து மணி உறுத்தியது என்று நீயே எழுதினாய். உறுத்தினால் மறு தபாலில் என்னைக் குடைந்தெடுத்திருப்பவள் நீ. இந்தத் தடவை ஏன் விட்டாய்? இந்தத் தாளைப் போடும்போது உன் மனசு எங்கே இருந்தது?

இருபத்துநாலாம் தேதி வருகிறோம். பெட்டியை அணைக்கத்தான் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டர் தாளைத் திருப்பிப் பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் சம்மதம்தான் போலிருக்கிறது, மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி


கடவுள் துணை
3 ஜூலை

அன்புள்ள பென்சிலுக்கு,

முழு நலம். எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் கணக்கு அதுதான்.

நீ வரவில்லை. வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. அவசர வேலையாக வெளியூர் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

பத்து மணிக்கு டாக்டர் வழக்கம்போல், "நடங்க பார்க்கலாம்" என்றார். உன் அண்ணன் நடந்தார். "பிரமாதம். அதே அளவே இருக்கட்டும்" என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"கையை எடுங்க டாக்டர்" என்றேன். எனக்கே என் குரல் புதிசாக இருந்தது. "நோட்டு தப்பில்ல. தலைப்பு தப்பு. நல்லதுன்னு இருக்கற இடத்துல கெட்டதுன்னு படிங்க."

"அம்மா, வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க."

"நானும்தான் உக்காந்திருக்கேன். நீங்க படிக்கற வரைக்கும் உக்காந்திருப்பேன். வேணும்னா இருபத்தோராவது ஆளா எழுதிக்குங்க."

அந்தக் கம்ப்யூட்டர் பெண் தாளை வாங்கினாள். தலைப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். திரையில் இருந்த கோட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"சார், ஒரு மணிநேரம்கூடத் தவறலை" என்றாள். "மிஷின்ல அலை ஏறுற இடத்துலெல்லாம் இவங்க வரவுன்னு எழுதியிருக்காங்க. நோட்டோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க, ராத்திரி காலை உதைக்கறது. தூக்கத்துல அலை தானாவே அடங்குது. பகல் அளவு கரண்ட் அப்பவும் போனா அதிகம்தானே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்தான், பென்சில். தப்பை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவுதான். என் பக்கம் திரும்பி, "இன்னும் எத்தனை மாசம் எழுதியிருக்கீங்க?" என்றார். பையிலிருந்து மீதி நாலு நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இப்போது பகலுக்கு ஓர் அளவு, சாயங்காலம் மூன்றிலிருந்து கொஞ்சம் கூட, இரவில் குறைவு. மூன்று செட்டிங். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் அவரைக் கேட்டார், "வேற ஏதாவது சொல்லணுமா?"

தேதி குறித்தவர் ஆயிற்றே.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல டாக்டர். லிஃப்டை ஆஃப் பண்ணச் சொல்லலாம்னு வந்தேன். நீங்க இப்பத்தான் மெக்கானிக் வேலையே கத்துக்கிட்டீங்க. ஓடட்டும்."

ஒன்பது நாளாகிறது. எட்டு இரவு தூங்கினார். சாயங்காலம் மரக்கட்டை இல்லை, கொஞ்சம் துருப்பிடித்த ராஜா. நோய் போய்விடவில்லை, போகாது என்றும் தெரியும். ஆனால் அது வருகிற நேரத்துக்கு நாங்கள் கதவருகே நிற்கிறோம்.

இப்போது உன் கணக்கு.

உன் கடிதங்களை வரிசையாக வைத்து அளந்தேன். ஜனவரியில் ஒரு வரிக்கு ஆறு வார்த்தை. ஏப்ரலில் பதினொன்று, கடைசி வரியில் பதினாலு. சர்வீஸ் அட்டையில் பார்த்த அதே எறும்பு. மே மாசம் டைப். இந்தத் தடவை எனக்குப் படிக்கத் தெரிந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டாயா என்று கேட்கமாட்டேன். அதே ஆஸ்பத்திரிக்கு வர ஏன் பயந்தாய் என்றும் கேட்கமாட்டேன். வருவது வந்துதான் தீரும் என்று எழுதினாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். வரட்டும். எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வைப்பேன். நேரம் தெரிந்த திருடனுக்கு யாரடி பயப்படுவார்கள்?

புது நோட்டு வாங்கி அட்டையில் உன் பேரை எழுதிவிட்டேன். முதல் பக்கம் காலியாக இருக்கிறது. இரண்டு அறையில் இரண்டு பேர் இருக்கலாமென்றால் மூன்று பேரும் இருக்கலாம். சுவரோடு பேசியது போதும்.

உன் வரவு எப்போது?

அண்ணி


14 ஜூலை

அன்புள்ள அண்ணி,

பேனா நன்றாகத்தான் இருந்தது. பிப்ரவரியிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டேன், அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும். அவரும் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் பார்க்கிறவர்தான். உங்கள் நோட்டு வந்தது அதற்கு மறுநாள். ஒவ்வொரு பக்கத்திலும் அண்ணனைப் படிக்கவில்லை, என்னைப் படித்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

இந்தக் கடிதத்தைப் பென்சிலால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நாலு கோடு நோட்டு வாங்கினேன். கோட்டைத் தொட்டுத் தொட்டு எழுதினால் எழுத்து சுருங்க மறுக்கிறது. நானே கண்டுபிடித்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணிநேரம் ஆகிறது, ஆகட்டும். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே உயரம். இல்லையென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஆபீசில் விடுப்பு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் விருந்தாளியாக இருக்க எனக்குத் தெரியாது. உங்கள் ஐந்து நோட்டையும் ஒழுங்காக அட்டவணை போடும் வேலை பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை தலைப்பு நீங்கள் சொல்லுங்கள். கிள்ளுவதற்கு எந்த நேரம் நல்லது என்று அண்ணனைக் கேட்டு வையுங்கள்.

சனிக்கிழமை மாலை நாலு மணி வண்டி. முதல் பக்கத்தில் வரவு என்று எழுதுங்கள். செலவுப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

பென்சில்